வந்தவரிடம் ஆதார் கேட்கிறோம்... கூட்டிவந்தவரிடம் என்ன கேட்கிறோம்?

செங்கல்பட்டிலிருந்து ஜி.எஸ்.டி சாலையில் தெற்கே இறங்கினால் படாளம், அதைத் தாண்டினால் கருங்குழி. மதுராந்தகத்துக்கு முன்னால் வரும் சின்னப் பேரூராட்சி. மனை பிரித்தது போக, இந்தப் பக்கம் இன்னும் வயல் மிச்சமிருக்கிறது. நடவு நேரத்தில் அந்த வயல்களைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். நடவு என்றாலே வரிசையாகக் குனிந்த பெண்கள்தான் என்று பழகிய கண்ணுக்கு, இப்போது வரிசையாகக் குனிந்த ஆண்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, கும்பலாக இறங்கி, மளமளவென்று முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

டெல்டாவில் சில வருடங்களாகப் பார்த்த காட்சி இது. செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. ஹோட்டலில் பரோட்டா போடுபவர், பெட்ரோல் பங்க்கில் நிற்பவர், கட்டடத்தில் சென்ட்ரிங் அடிப்பவர் எல்லாம் எப்போதோ மாறிவிட்டார்கள். கடைசியாக மாறியது வயல்.

இதைப்பற்றி டீக்கடையில் இரண்டு கருத்துகள் உண்டு. ‘உள்ளூர்ல எவன் வேலைக்கு வர்றான்? இவங்க இல்லாட்டி ஒண்ணும் நடக்காது’ என்பது ஒன்று. ‘இவங்க வந்துதான் நம்ம ஆளுங்களுக்கு வேலை போச்சு’ என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள், ஒரே டீ முடிவதற்குள் சொல்வதும் உண்டு.

மூன்றாவதாக ஒரு பேச்சு சமீபகாலமாகச் சேர்ந்திருக்கிறது. ‘இதுல பாதிப் பேர் பங்களாதேஷ்காரன், திருட்டுத்தனமா வந்தவன். பிடிச்சு அனுப்பணும்.’

யார் அந்நியர்?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ கருங்குழிக்கு வருபவர் ‘குடியேறி’ அல்ல. இந்தியாவுக்குள் எங்கும் போகலாம், எங்கும் தங்கலாம் என்று அரசியலமைப்பின் 19-வது பிரிவு சொல்கிறது. மதுராந்தகத்துக்காரர் மும்பையில் வேலை பார்ப்பதற்கு எந்த உரிமையோ, அதே உரிமைதான்.

எல்லை தாண்டி வருபவர்களின் கதை வேறு. அப்படி வருபவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் திருப்பூர் பகுதியில் உரிய ஆவணமின்றித் தங்கி வேலை பார்த்த வங்கதேசத்தவர் 30 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி அமலுக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. சட்டம் தெளிவாக இருக்கிறது. சிக்கல் அதைத் தெருவில் பிரயோகிக்கும்போது வருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் வங்காளம்தான் பேசுகிறார்கள், அந்தப் பக்கமும் வங்காளம்தான். முகத்தைப் பார்த்தோ பேச்சைக் கேட்டோ யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க முடியும் என்று நினைத்ததன் விலை டெல்லியில் தெரிந்தது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பம் அது. கர்ப்பிணிப் பெண் உட்பட அவர்களைப் பிடித்து, 2025 ஜூனில் வங்கதேசத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றம் திருப்பி அழைத்துவரச் சொன்னது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிறைமாதத்தில் அந்தப் பெண் தாய்நாட்டுக்குத் திரும்பியது டிசம்பரில்.

சந்தேகமும் வதந்தியும்

தமிழ்நாட்டில் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2012 தொடக்கத்தில் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிக் கொள்ளைகள் நடந்தன. பிப்ரவரி 23 அதிகாலை வேளச்சேரியில் ஐந்து பேர் போலீஸ் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டார்கள். வடமாநிலத்தவர் என்று செய்தி வந்ததும், வாடகைக்குக் குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுங்கள் என்று சென்னைப் போலீஸ் உத்தரவு போட்டது. வீடு கேட்டுப் போகும் இந்திக்காரரை ஏற இறங்கப் பார்க்கும் பழக்கம் புறநகரெங்கும் பரவிய காலம் அது.

2023 மார்ச்சில் பயம் எதிர்த்திசையில் ஓடியது. தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. பார்த்தால், எங்கெங்கோ வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகள். அன்றைய டி.ஜி.பி சைலேந்திர பாபு வீடியோவில் வந்து மறுத்தார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. பொய்யைப் பரப்பிய யூடியூபர் கைதானார். ஆனாலும் அந்த வாரம் ரயில் ஏறியவர்கள் பலர். அந்த சில நாள்களில் கோவை, திருப்பூர் தொழிற்கூடங்கள் பதறிய பதற்றத்தைப் பார்த்தபோது, ‘இவங்க இல்லாட்டி ஒண்ணும் நடக்காது’ என்ற டீக்கடைக் கருத்துக்குத்தான் ஓட்டு அதிகம் விழுந்தது.

வதந்தி எல்லாம் பொய் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியவில்லை. 2025 டிசம்பர் கடைசியில், திருத்தணியில் வடமாநில இளைஞர் ஒருவரை அரிவாளால் வெட்டி, அதை வீடியோ எடுத்து ரீல்ஸாகப் போட்டவர்கள் 17 வயதுச் சிறுவர்கள். ரயிலில் ரீல்ஸ் எடுக்கும்போது தொடங்கிய வம்பு அது.

இந்த மூன்று சம்பவங்களிலும் கேமரா ஒரே ஆள் மீதுதான் திரும்பியிருக்கிறது: வேலைக்கு வந்தவர் மீது. அவரைக் கூட்டிவந்தவர், வேலைக்கு வைத்தவர் யாரும் படத்திலேயே இல்லை.

ஒரு ரூபாய் வழக்கு

1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. மைதானங்களும் மேம்பாலங்களும் கட்ட ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒடிசாவிலிருந்து ஆள் வந்தார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 9 ரூபாய் 25 காசு. தொழிலாளி கைக்குப் போனது 8 ரூபாய் 25 காசு. நடுவில் இருந்த ‘ஜமேதார்’ தலைக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்று நீதிபதி பகவதி அமர்வு தீர்ப்பு எழுதியது. ஒரு ரூபாய்க்காக எழுதப்பட்ட தீர்ப்பு, இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம்.

அந்த வழக்கு நடந்தபோது ஒரு சட்டம் புதிதாக வந்திருந்தது. மாநிலங்களுக்கு இடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், 1979. ஒடிசாவில் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் ‘தாதன்’ முறையின் கொடுமைகளைப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தது. ஐந்து பேரை வெளிமாநிலத்திலிருந்து கூட்டிவந்தாலே ஒப்பந்தக்காரர் உரிமம் வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக். போக வர வழிச்செலவு. ஊரை விட்டு வந்ததற்கு அரை மாதச் சம்பளம் தனி. தங்க இடம், வைத்தியம். ஒப்பந்தக்காரர் ஏமாற்றினால் கம்பெனி முதலாளியே கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேலே ஒரு விதி இருந்தது. அதே வேலையைச் செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்கு என்ன கூலியோ, அதற்குக் குறையாமல் வந்தவருக்கும் கொடுக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்கலாம். ‘அவங்க கம்மிக் கூலிக்கு வர்றாங்க, நமக்கு வேலை போகுது’ என்ற புகாருக்கு 1979-லேயே எழுதிவைத்த பதில் இது. கூலி சமம் என்றால், ‘மலிவு’ என்ற காரணத்துக்காக யாரும் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஆள் பிடிக்கப் போவதில்லை. வந்தவரையும் காப்பாற்றியிருக்கும், உள்ளூர்க்காரரையும் காப்பாற்றியிருக்கும். ஆனால், ‘வடக்கனை அனுப்பு’ என்று குரல் கேட்ட அளவுக்கு, ‘இந்தச் சட்டத்தை அமல்படுத்து’ என்று கேட்டதில்லை. மீறினால் அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 1,000 ரூபாய். ஒரு வருடம் வரை சிறை என்றும் இருந்தது, புத்தகத்தில்.

2025 நவம்பர் 21-ம் தேதி முதல் அந்தச் சட்டம் இல்லை. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்துக்குள் அது கரைந்துவிட்டது. நல்லதும் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வராமல் தானாகவே ரயிலேறி வந்தவரும் இப்போது ‘புலம்பெயர் தொழிலாளி’தான். அபராதமும் லட்சத்துக்கு ஏறியிருக்கிறது. ஆனால், ஐந்து என்பது பத்தாகிவிட்டது. பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் இடத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அரை மாதச் சம்பளப் படியும் போயிற்று. கருங்குழியில் மாடி கட்டும் ஒரு வீட்டில் எட்டுப் பேர் வேலை பார்த்தால், பழைய சட்டத்தில் அவர்கள் உண்டு, புதியதில் இல்லை. தொழிலாளர் ஆய்வாளரின் பெயரே ‘ஆய்வாளர் - வசதி செய்பவர்’ என்று மாறியிருக்கிறது. யாருக்கு வசதி என்று தொழிற்சங்கத்தினர் கிண்டலாகக் கேட்கிறார்கள்.

கணக்கில் இல்லாதவர்கள்

தமிழ்நாடு தொழிலாளர் துறை 2015-16ல் எடுத்த கணக்கெடுப்பில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 10.67 லட்சம் பேர். மாவட்டங்களில் முதலிடம் காஞ்சிபுரத்துக்கு. ஐந்தில் ஒருவர் அங்கே இருந்தார். செங்கல்பட்டு அப்போது காஞ்சிபுரத்துக்குள்தான். 2019 நவம்பரில்தான் பிரிந்தது. ஒரகடம், மறைமலை நகர், மகிந்திரா சிட்டி, ஈ.சி.ஆர் கட்டடங்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அதற்குப்பிறகு எவ்வளவு கட்டடம் எழும்பியிருக்கிறது என்பதை மாமல்லபுரம் சாலையில் ஒருமுறை போனாலே பார்த்துவிடலாம்.

பதிவேடு என்பது வெறும் காகிதம் இல்லை என்று இதே பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்குத் தெரியும். 2014 ஜூன் 28, மௌலிவாக்கம். 11 மாடிக் கட்டடம் மழை மாலையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசாவிலிருந்தெல்லாம் வந்தவர்கள். முதல் நாள்களில் உள்ளே எத்தனை பேர் என்பதற்கே ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். 2020 ஊரடங்கில் இது நாடு முழுக்க நடந்தது. நடந்து போனவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, தகவல் இல்லை என்பதுதான் மத்திய அரசின் பதில்.

வெளியூர்க்காரர் வந்ததால்தான் சட்டம் கெட்டது என்றும் சொல்ல முடியாது. இந்த வட்டாரத்து இருளர்கள் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தவர்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது, ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட போட்டோ நாடெங்கும் போனது. அவர் எந்த எல்லையையும் தாண்டி வந்தவர் இல்லை. அவரிடம் வேலை வாங்கியதுதான் சட்டவிரோதம்.

நம்மவர் அங்கே

இதே பேச்சைத் தமிழர்கள் மறுபக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். 1860 அக்டோபரில் நேட்டாலுக்குக் கூலித் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ என்ற கப்பல் கிளம்பியது சென்னையிலிருந்துதான். அதன் பிறகு போனவர்களில் செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் ஏராளம். இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் கூட்டிப்போனவருக்கு அன்று ‘கங்காணி’ என்று பெயர், இன்று ‘கான்ட்ராக்டர்’. வளைகுடாவில் விசா முடிந்தும் தங்கி வேலை பார்ப்பவரை நம்மவர்களே ‘கல்லிவல்லி’ என்பார்கள். பொதுமன்னிப்பு அறிவிப்பு வரும் வரை ஒளிந்திருந்து, வந்ததும் வெளிநடப்பு அனுமதிக்காக வரிசையில் நிற்பவர்கள். 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃப் கட்டடத்தில் தீப்பிடித்தபோது, நெருக்கியடித்துத் தங்கவைக்கப்பட்டிருந்த இந்தியர்கள் 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் 7 பேர்.

சிங்கப்பூரில் விசா முடிந்து 90 நாளுக்கு மேல் தங்கினால் பிரம்படி உண்டு. ஊருக்குத் திரும்பியவர்கள் சொல்லும் கதைகளில் கட்டாயம் வரும். அவ்வளவாகச் சொல்லப்படாத இன்னொரு பக்கமும் அங்கே உண்டு. அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைத்த முதலாளிக்கு, ஓர் ஆளுக்கு 5,000 முதல் 30,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதனால், பாஸ் இல்லாத ஆளைச் சேர்க்க முதலாளியே யோசிக்கிறார்.

கருங்குழி வட்டாரத்தில் யாரையாவது முன்பணத்துக்காகப் பிடித்துவைத்திருந்தால், மதுராந்தகம் கோட்டாட்சியர் விசாரித்து, கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டம், 1976-ன்படி விடுதலைச் சான்றிதழ் கொடுக்கலாம். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. ஒடிசாக்காரர், பீகார்க்காரர், இருளர் என்ற வித்தியாசம் அதில் இல்லை.

நடவு முடிந்த வயலில் இப்போது தண்ணீர் நிற்கிறது. நட்டவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். அறுப்புக்கோ அடுத்த நடவுக்கோ ஆள் தேவைப்பட்டால் கூப்பிட வயல்காரரின் போனில் ஒரே ஒரு எண்தான் இருக்கும். அது கூட்டிவந்தவருடையது.