ஆரவாரமற்ற அழகு

நோன்பு 20-ஐத் தாண்டிவிட்டால் போதும். நம் ஊர்க் கடைத்தெருக்களில் ஜவுளிக் கடைகளின் விளக்குகள் ஸஹர் நேரம் வரை அணைவதில்லை. இபாதத்துக்கென ஒதுக்க வேண்டிய அந்தப் பத்து இரவுகளில் பாதியைத் துணிக்கடைப் படிக்கட்டுகளில் கழித்த சகோதரிகளுள் இக்கட்டுரையை எழுதுபவளும் ஒருத்தி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆகவே பட்டறிந்தவளின் வாக்குமூலமாகவே இதைக் கொள்ள வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த மகளுக்குப் பெருநாள் உடையாக, அருகிலிருந்த நகரத்தின் பெரிய கடையொன்றில் 3,800 ரூபாய்க்குக் கல்லும் கண்ணாடியும் பதித்த ஜார்ஜெட் சுடிதார் எடுத்தோம். பெருநாளன்று ஒரு முறை, உறவினர் வலீமாவில் ஒரு முறை உடுத்தினாள். அதன்பின் துவைத்தபோது, பசையால் ஒட்டப்பட்டிருந்த கற்கள் வாளியின் அடியில் அரிசிபோல் படிந்து கிடந்தன. மூன்றாம் முறை உடுத்தியபோது சரிகை கறுத்திருந்தது. அத்துடன் அது பெட்டிக்குள் போய்விட்டது. அவ்வாண்டு வீட்டார் அனைவருக்குமாக எடுத்த துணிகளின் கணக்கை அடைக்க, முதிர இன்னும் பல மாதங்கள் இருந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினோம்.

அந்த வலீமாவில் ஒரு பெண்மணியைக் கண்டேன். மாப்பிள்ளை வீட்டு உறவு, பள்ளி ஆசிரியை. பாசிப் பச்சை நிறத்தில் ஒரு பூவேலையும் இல்லாத பருத்தி உடை; அதே நிறத்தில் ஒரு மாற்றுக் குறைந்த துப்பட்டா. அவ்வளவே. மின்னிக்கொண்டிருந்த நூறு பெண்களுக்கிடையே கண்கள் அவரிடமே சென்று நின்றன. வெட்கத்தை விட்டு விலை கேட்டேன். சிரித்துக்கொண்டே, "துணியும் தையலுமாக 1,600 ரூபாய் ஆனது, லாத்தா. நாலு வருஷமாக உடுத்துகிறேன்" என்றார். அவர் அன்று சொல்லித் தந்தவையும், அதன்பின் எங்கள் ஊர்த் தையற்காரரிடமும் வண்ணாரிடமும் நான் கேட்டுக் கற்றவையுமே கீழே வருபவை.

2023-ஆம் ஆண்டில் மேலைநாட்டு நாகரிக உலகில் 'சத்தமில்லாத ஆடம்பரம்' என்றொரு பேச்சு எழுந்தது. நிறுவனத்தின் பெயரோ முத்திரையோ வெளியே தெரியாமல், நிறம் அடங்கி, துணியும் தையலும் மட்டும் முதல் தரமாக அமைந்த உடை என்பது அதன் பொருள். அவ்வாண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநில நீதிமன்றத்திற்கு, பனிச்சறுக்கு விபத்து வழக்கொன்றில் வந்த நடிகை குவினெத் பேல்ட்ரோவின் வெளிர்நிறக் கம்பளி உடைகளைப் பற்றிப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. இத்தாலியில் 1924-இல் தொடங்கப்பட்ட லோரோ பியானா என்னும் நிறுவனம் இவ்வகை உடைகளுக்குப் பெயர்போனது. பிரான்சின் எல்.வி.எம்.எச். குழுமம் 2013-இல் அதன் பெரும்பங்கை வாங்கியது. அந்நிறுவனத்தின் எழுத்தில்லாத ஒரு தொப்பிக்கே பல நூறு டாலர் கேட்கிறார்கள். உடைக்குத்தான் சத்தமில்லை, விலைச்சீட்டு ஊரைக் கூட்டுகிறது.

இதே கலையை ஆரவாரமின்றிப் பழகிவரும் மக்களை, நம் வீட்டு ஆண்கள் பிழைக்கச் சென்ற வளைகுடா நாடுகளிலேயே காணலாம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லா அரபியரும் ஒரே வெள்ளை அங்கி அணிந்தவர்களாகவே தோன்றுவர். சவுதியரின் தோப்புக்கு விறைப்பான காலர் உண்டு. அமீரகத்துக் கந்தூராவுக்குக் காலர் இல்லை, கழுத்திலிருந்து நீண்ட நூற்குஞ்சம் தொங்கும். ஓமானியரின் திஷ்தாஷாவில் குஞ்சம் குட்டையானது. ஜப்பானின் டோயோபோ போன்ற ஆலைகள் அரபு நாடுகளுக்கென்றே இத்துணியை நெய்து அனுப்புகின்றன. வெண்மையிலேயே பால் வெண்மை, நீலம் பாய்ந்த வெண்மை, தந்த வெண்மை எனச் சாயல்கள். துணி தோளிலிருந்து எப்படி விழுகிறது, எத்தனை மணி நேரம் கசங்காமல் நிற்கிறது என்பதில் தரங்கள். செல்வரும் கடைநிலை ஊழியரும் ஒரே வடிவத்தை அணிகின்றனர். வேறுபாட்டை அறிய அருகில் வர வேண்டும். துணியை அறிந்தவராகவும் இருக்க வேண்டும்.

நம் பாட்டிமார்களின் வெள்ளைத் துப்பட்டியும் அத்தகையதே. எங்கள் உம்மம்மாவிடம் இரண்டே இரண்டு துப்பட்டிகள் இருந்தன. வெளியில் போகையில் சேலைக்கு மேல் போர்த்திக்கொள்வார். கஞ்சியும் நீலமும் அளவாகப் பிடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகும் முன்பே மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். அதுதான் அவருடைய இஸ்திரி. பணக்கார வீட்டுப் பெண்களோடு அவர் நடந்து வரும்போது, எவர் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று தெருவில் எவராலும் சொல்ல முடியாது.

துணியைக் கையால் படிப்பது

கடையில் முதலில் விலைச்சீட்டைப் பார்ப்பது நம் வழக்கம். அதைக் கடைசியில் பாருங்கள். துணியின் ஒரு மூலையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணி விடுங்கள். சுருக்கம் கத்தி மடிப்புப்போல் நின்றுவிட்டால், உடுத்திய ஒரு மணி நேரத்தில் அந்த உடை அப்படித்தான் இருக்கும். பிறகு ஒற்றை மடிப்பை வெளிச்சத்திற்கு எதிரே பிடியுங்கள். பாவும் ஊடையும் ஒரே சீராக நெருங்கியிருக்க வேண்டும். ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் சல்லடையாகவும் தெரிந்தால் நாலு துவைப்பில் நைந்துவிடும். துணியை இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் வெண்பொடி உதிர்கிறதா? கஞ்சியால் கனம் ஏற்றியிருக்கிறார்கள்; முதல் துவைப்பில் அந்தக் கனம் சாக்கடைக்குப் போய்விடும்.

கடைக்காரர்கள் 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர், 100-ஆம் நம்பர் என்று சொல்லுவது நூலின் மென்மையைக் குறிக்கும் எண். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை கிடைக்கின்றன என்பதே அக்கணக்கு. எண் ஏற ஏற நூல் மெல்லியதாகும், விலையும் ஏறும். அன்றாட உடைக்கு 100-ஆம் நம்பர் தேடி அலைய வேண்டியதில்லை. நெருக்கமாக நெய்த 60-ஆம் நம்பர் துணி நமக்குப் பல ஆண்டுகள் உழைக்கும். நம் ரவிக்கைகளுக்கு வாங்கும் 'டூ பை டூ' என்பது பாவிலும் ஊடையிலும் இரண்டு இழைகளை முறுக்கிச் சேர்த்து நெய்தது. அதனால்தான் அது மெல்லியதாக இருந்தும் கிழிவதில்லை. பருத்தியிலேயே பட்டுபோன்ற மெல்லிய பளபளப்பு வேண்டுவோர் 'மெர்சரைஸ்' செய்த துணியைக் கேட்டு வாங்கலாம். காரச் சோடாவில் பருத்தியை நனைக்கும் இம்முறையை 1844-இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் கண்டறிந்தார். நூலை இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் மினுமினுப்பு ஏறும் என்பதை 1890-இல் ஹொரேஸ் லோ என்பவர் சேர்த்தார். அந்த ஒளி நூலிலேயே இருப்பதால் கற்களைப்போல் உதிர்ந்துவிடாது.

பருத்தி என்று சொல்லி வேறொன்றைத் தருகிறார்களோ என்ற ஐயம் எழுந்தால், ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி வீட்டில் எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிடும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றத்தைத் தரும். ரேயானும் பருத்தியைப் போலவே எரியும் என்பதால் அங்கு மட்டும் இச்சோதனை கைகொடுக்காது. ரேயான் நனைந்தால் வலுக் குறைவது. முறுக்கிப் பிழியாமல் இருப்பது நல்லது.

ஆனாலும் பாலியெஸ்டரை முற்றிலும் ஒதுக்குவதும் சரியன்று. கறுப்பு அபாயாக்களுக்கு நம் சகோதரிகள் விரும்பி வாங்கும் 'நிதா' பாலியெஸ்டர்தான். பருத்தியின் கறுப்பு சில மாதங்களில் சாம்பல் பூத்துவிடும். நல்ல பாலியெஸ்டரில் சாயம் இழைக்குள்ளேயே தங்கிவிடுவதால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். வெயில் காலத்தில் புழுங்கும் என்பது உண்மையே. கறுப்பை வாங்கும்போது மட்டும் கடையின் விளக்கொளியை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சில கறுப்புகளில் செம்மையும் சிலவற்றில் பச்சையும் கலந்திருப்பது அப்போதுதான் தெரியும். இருவேறு கறுப்பில் அபாயாவும் முந்தானையும் அமைந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அது பழைய துணியாகவே தோன்றும்.

கைத்தறியை விரும்புவோர், 1935-இல் தொடங்கப்பட்ட நம் கோ-ஆப்டெக்ஸின் பண்டிகைக் காலத் தள்ளுபடியை மறந்துவிட வேண்டாம். பெரும்பாலும் 30 சதவீதம் வரை குறையும். நம் பெருநாள் அந்நாட்களில் வராவிட்டால் என்ன? துணி காத்திருக்கும்.

தையற்காரருக்கு மரியாதை

நாம் துணிக்கு ஆயிரம் கொடுத்துவிட்டுத் தையற்கூலியில் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். இதைவிடப் பேதைமை வேறில்லை என்பது என் கருத்து. தளர்வான உடைக்கு அளவு எதற்கு என்று எண்ணுவோரும் உளர். தளர்வான உடை முழுவதும் தோளில்தான் தொங்குகிறது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்காராமல் கைப்பக்கம் சரிந்தால், கடன் வாங்கி உடுத்தியதுபோல் இருக்கும். அபாயாவின் அடிமடிப்பு தரையைக் கூட்டாமல் ஓர் அங்குலம் மேலே நின்றால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும்.

ஆயத்த உடை வாங்குவோர் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலத்தில் 10 அல்லது 12 தையல் இருக்கிறதா, பக்கவாட்டில் பிரித்துவிடத் துணி விட்டிருக்கிறார்களா, கோடுபோட்ட துணியானால் தையலில் கோடுகள் சந்திக்கின்றனவா, பொத்தான் துளையில் நூல் பிரிந்து நிற்கிறதா என்பன போதும். பொத்தான்களை மாற்றுவது மலிவான உபாயம். பளபளக்கும் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, துணியின் நிறத்திலேயே ஒளி மங்கிய பொத்தான்களை வைத்துப் பாருங்கள். ஐம்பது ரூபாயில் சட்டையின் முகமே மாறிவிடும். அந்நாளில் வெள்ளைச் சட்டையின் காலர் நைந்துவிட்டால், பிரித்து மறுபுறமாகத் திருப்பித் தைப்பார்கள். என் வாப்பாவின் ஜும்ஆ சட்டைகள் அவ்வாறு இரண்டு பிறவி எடுத்தவை. இன்றும் பழைய தையற்காரர்கள் கேட்டால் செய்து தருகிறார்கள். பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அவசரத்தில் நாம் அனைவரும் மறப்பது அதைத்தான்.

துவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடர்நிற உடைகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். வெள்ளைக்கு ப்ளீச்சிங் அடிக்கடி வேண்டாம், நூல் இற்றுவிடும். சொட்டு நீலம் மஞ்சள் சாயலை மறைக்கப் போதும். எண்ணெயில் கரைத்த அத்தரை நேரே உடையில் தடவாமல் மணிக்கட்டிலும் காதின் பின்னும் தடவிக்கொண்டால், தொழுகைக்குப் போகும் வெள்ளை உடைகளில் மஞ்சள் வட்டங்கள் விழா.

மறு ஆண்டுப் பெருநாளுக்கு என் மகளுக்கு மரக்கலர் கேம்பிரிக்கில் உடை தைத்தோம். துணிக்கும் துப்பட்டாவுக்கும் 1,150 ரூபாய், தையலுக்கு 600. தைத்து வந்ததும் அவள் முகம் வாடிவிட்டது. "உம்மா, இது பள்ளிக்கூட உடுப்பு மாதிரி இருக்கே" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை. பெருநாளன்று அவளுடைய சாச்சி மகள், "உனக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டும்விட்டாள். அன்றிரவு மகள் சாப்பிடாமல் படுத்தாள். நான் பிடிவாதம் பிடித்தது சரிதானா என்று எனக்கே கலக்கமாக இருந்தது. சிக்கனம் என்ற பெயரில் பிள்ளையின் பெருநாளைப் பறித்துவிட்டேனோ என்று பலமுறை எண்ணினேன்.

பின்னர் இருவரும் பேசி ஒரு வழி கண்டோம். உடையின் நிறத்திலேயே ஒரு சாயல் அடர்ந்த நூல்கண்டு வாங்கி, கை ஓரத்திலும் கழுத்திலும் அவளே மெல்லிய கொடி ஒன்றைத் தைத்தாள். ஒன்றரை மாதம் பிடித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அதை உடுத்திக் கல்லூரிக்குப் போனாள், நிக்காஹ் வீடுகளுக்குப் போனாள், மதுரைக்கு ரயிலில் போனாள். எப்படியும் 70 முறைக்குக் குறையாது. கணக்குப் பார்த்தால் முறைக்கு 25 ரூபாய் வருகிறது. கற்கள் உதிர்ந்த அந்த ஜார்ஜெட்டுக்கு முறைக்கு 1,266 ரூபாய் ஆகியிருந்தது.

இவ்வாண்டு ரஜப் மாதத்திலேயே இரண்டு பெண்களுக்கும் துணி எடுத்து ஊறப்போட்டுவிட்டேன். பராஅத் இரவுக்கு முன்பே தைத்துத் தருவதாகத் தையற்காரர் சொல்லியிருக்கிறார். இளையவளுக்கான கொடியை மூத்தவள் இப்போதே காகிதத்தில் வரைந்துகொண்டிருக்கிறாள். நூல்கண்டு வாங்கப் போகும்போது தன்னையும் கூப்பிடச் சொல்லி, சாச்சி மகள் ஆள் அனுப்பியிருந்தாள்.