சொந்தக் காரில் கடல் கடந்து

கொச்சியிலிருந்து தன் காரிலேயே வெளிநாடு போகிறவர்கள் இப்போது அபூர்வமல்ல. ஆனால் சாலையைவிடக் கரடுமுரடானவை புறப்படுமுன் சேர்க்கவேண்டிய காகிதங்கள்.

மட்டாஞ்சேரி ஜூ டவுன் சந்தில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கித்தான் ஆகவேண்டும். மிளகு மூட்டை ஏற்றிய லாரிகளும் ஆட்டோக்களும் பல வருஷப் பழக்கத்தில் இதில் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கின்றன. அதைக் குலைப்பவை துபாய் நம்பர் பிளேட்டோடு வரும் கார்கள். அகன்ற உடம்பு, இடது பக்கம் ஸ்டியரிங். லாரிக்காரர் வலது ஜன்னலைப் பார்த்துக் கத்துகிறார். அங்கே உட்கார்ந்திருப்பது காரை ஓட்டுபவரின் மாமியார்.

இந்தக் கார்கள் கடத்தல் சரக்கல்ல. வளைகுடாவில் வேலை செய்யும் மலையாளிகள் விடுமுறைக்கு வரும்போது காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். காரின் விலையையே விழுங்கிவிடக்கூடிய இறக்குமதி வரியில் ஒரு பைசாகூடக் கட்டாமல், சட்டப்படியே, ஆறு மாதம்வரை இங்கே ஓட்டலாம். காரணம் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு புத்தகம். பிரெஞ்சில் 'கார்னே த பசாஜ் ஆன் துவான்'. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்குக் கை சும்மா இராது. 'சுங்கக் கடவேடு' என்று சொல்லிப்பார்க்கிறேன். கொச்சியில் எல்லோருக்கும் அது 'கார்னெட்'தான்.

அதே புத்தகம் எதிர்த் திசையிலும் வேலை செய்யும். 2014-ல் திரைப்பட இயக்குநர் லால் ஜோஸ், மோட்டார் பத்திரிகையாளர் பைஜு என். நாயர், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி சுரேஷ் ஜோசப் மூவரும் கொச்சியிலிருந்து லண்டனுக்கு ஒரு ஃபோர்டு எண்டவரில் கிளம்பினார்கள். திட்டம் 75 நாள், 27 நாடுகள், 24,000 கிலோமீட்டர். 2022-ல் ஐந்து குழந்தைகளின் தாயான நாஜிரா நௌஷாத், தன் மஹிந்திரா தார் ஜீப்பை மும்பையில் கப்பலேற்றி, ஓமானில் இறக்கி, கத்தார் உலகக் கோப்பை கால்பந்தை நோக்கித் தனியாக ஓட்டிப் போனார். வண்டிக்கு அவர் வைத்த பெயர் 'ஓள்'. மலபார்ப் பேச்சில் 'அவள்'. தமிழ்க் காதுக்கு அகராதி தேவையில்லை.

இந்தச் செய்திகளைப் படித்ததும் பலரும் வரைபடத்தை விரிக்கிறார்கள். முதலில் விரிக்கவேண்டியது வங்கிப் பாஸ் புத்தகத்தை.

பிணை கொடுக்கும் புத்தகம்

ஒரு காரை நாட்டுக்குள் விடும்போது சுங்க அதிகாரிக்கு இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: இது திரும்பிப் போகுமா, இங்கேயே விற்கப்படுமா? கார்னே அந்தச் சந்தேகத்துக்கான பிணை. கார் வெளியேறாவிட்டால் வரியைக் கட்டும் பொறுப்பு அதைக் கொடுத்த மோட்டார் சங்கத்துடையது. 1954-ல் நியூயார்க்கில் உருவான சுங்க ஒப்பந்தம் இதன் அடிப்படை. உலக அளவில் எஃப்.ஐ.ஏ. என்னும் மோட்டார் சம்மேளனம் இதை நடத்துகிறது. இந்தியாவில் நாடவேண்டிய இடம் மும்பையில் 1919-ல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன்.

சங்கம் சும்மா பிணை நிற்குமா? உங்களிடம் வங்கி உத்தரவாதம் கேட்கும். போகிற நாடுகளின் வரி விகிதத்தைப் பொறுத்து இந்தத் தொகை காரின் விலையைத் தாண்டியும் போகலாம். பத்து லட்ச ரூபாய்க் காரை ஓட்டிப் போகிறவர் அதற்கு மேலும் வங்கியில் முடக்கவேண்டி வரலாம். கார் கடனில் வாங்கியதென்றால் கடன் கொடுத்த வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். அடமானத்தில் இருக்கும் பொருள் கடல் தாண்டுவதை எந்த வங்கியும் ரசிப்பதில்லை.

புத்தகம் 5, 10 அல்லது 25 பக்கங்கள். ஆயுள் ஒரு வருஷம். முதலில் காரின் ஜாதகம்: சேசிஸ் எண், எஞ்சின் எண், நிறம், சிலிண்டர்கள், எத்தனை இருக்கை, இருக்கை உறை எதனால் ஆனது, ரேடியோ உண்டா, உபரி டயர் எத்தனை. கல்யாணத்துக்கு வரன் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று துண்டுகள். நாட்டுக்குள் நுழையும்போது கீழ்த்துண்டைக் கிழித்துக்கொள்கிறார்கள், வெளியேறும்போது நடுத்துண்டை. மேல்துண்டு புத்தகத்திலேயே தங்கும். அதில் நுழைந்த முத்திரை ஒன்று, வெளியேறிய முத்திரை ஒன்று.

விஷயமே அந்த இரண்டாவது முத்திரையில்தான் இருக்கிறது. எல்லைச் சாவடியில் இரவு பதினொரு மணி, பின்னால் லாரி வரிசை, காவலர் போகச் சொல்லிக் கையசைக்கிறார், நீங்களும் போய்விடுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த நாட்டின் சுங்க இலாகா, கார் இன்னும் தன் மண்ணில்தான் இருக்கிறதென்று வரி கேட்டுக் கடிதம் எழுதும். கார் ஆலுவாவில் வீட்டு வாசலில் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. வங்கி உத்தரவாதத்தில் கை வைக்குமுன் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. கார் திருட்டுப் போனாலும் பொறுப்பு தீராது. விபத்தில் நொறுங்கினாலும் அந்நாட்டுச் சுங்க அதிகாரி முன்னிலையில் ஒப்படைத்தோ அழித்தோ சான்று வாங்கவேண்டும். பழைய இரும்புக்குக்கூட முத்திரை உண்டு.

இந்தக் கெடுபிடி அநாவசியமென்று சொல்லிவிட முடியாது. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை, பூட்டான் வழியாக வரி ஏய்த்து வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட சொகுசுக் கார்களைத் தேடிக் கேரளமெங்கும் சோதனை நடத்தியது. அந்த நடவடிக்கைக்கு 'நும்கோர்' என்று பெயர். பூட்டான் மொழியில் வாகனம் என்று அர்த்தம்.

எல்லா நாடுகளும் கார்னே கேட்பதில்லை. இரான், எகிப்து, ஆஸ்திரேலியா, ஜப்பான் கேட்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சுற்றுலாப் பயணியின் கார் ஆறு மாதம்வரை அது இல்லாமலே ஓடலாம். ஆகவே பாதையை முடிவு செய்துவிட்டுப் பக்கங்களை எண்ணுவதுதான் முறை.

லைசென்ஸ் விஷயம் இதைவிட எளிது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் ஆர்.டி.ஓ. அலுவலகமே தருகிறது. கட்டணம் ஆயிரம் ரூபாய். பாஸ்போர்ட், விசா நகல்கள் வேண்டும். ஆயுள் அதிகபட்சம் ஒரு வருஷம். 2022 ஆகஸ்டிலிருந்து நாடு முழுவதும் ஒரே வடிவம். அதில் உள்ள கியூ.ஆர். குறியீடு மூல லைசென்ஸைக் காட்டும். இது லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். மூலம் கையில் இல்லாவிட்டால் செல்லாது. கேரளத்தில் அந்த மூலம் 2023 வரை லாமினேட் செய்த காகிதமாகவே இருந்தது. பழையதை வைத்திருப்பவர்கள் அட்டையாக மாற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது. இந்த அனுமதி 1949-ம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தரப்படுவது. சீனா அதில் சேரவில்லை. அங்கே தாற்காலிக சீன லைசென்ஸ், தாற்காலிக நம்பர் பிளேட், கூடவே பயண ஏற்பாட்டாளர் அனுப்பும் வழிகாட்டி, மூன்றும் வேண்டும்.

அதே ஒப்பந்தம்தான் காரின் பின்னால் நீள்வட்ட வெள்ளைப் பட்டையில் கறுப்பாக 'ஐ.என்.டி.' என்று ஆங்கில எழுத்துகளைப் பொறிக்கச் சொல்கிறது. எழுத்தின் உயரம் 80 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. புது நம்பர் பிளேட்டின் ஓரத்தில் அதே எழுத்துகள் பொடியாக இருக்கின்றனவே என்று வாதிடப் பார்க்காதீர்கள்.

இன்ஷூரன்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் பாலிசி இந்திய எல்லையோடு நின்றுவிடும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றுக்கு நீட்டிக்கலாம். அப்போதும் கப்பலில் போகும் நேரம் சேராது. அதற்குத் தனியாகக் கடல் இன்ஷூரன்ஸ் எடுக்கவேண்டும். ஐரோப்பாவில் 'கிரீன் கார்டு' ஏற்பாடு. மற்ற பல நாடுகளில் எல்லைச் சாவடியிலேயே உள்நாட்டு பாலிசி வாங்கிக்கொள்ளவேண்டியதுதான்.

மூடிய கதவுகள்

காகிதங்கள் எல்லாம் சேர்ந்த பிறகும் நிலவழி திறந்திருக்கவேண்டும். லண்டனிலிருந்து இரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வேன்களில் வந்த தலைமுறை ஒன்று உண்டு. 1979-ல் இரான் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததும் அந்தச் சாலையை மூடின. கிழக்கே மணிப்பூரின் மோரேயில் மியான்மர் எல்லை 2018 ஆகஸ்டில் முறைப்படி பயணிகளுக்குத் திறந்தது. 2020-ல் கொரோனாவால் அடைத்தார்கள். மறு வருஷம் அங்கே ராணுவப் புரட்சி. தாய்லாந்து 2016-லிருந்து வெளிநாட்டுக் கார்களுக்கு முன் அனுமதியும் உள்ளூர்ப் பயண நிறுவனத்தின் துணையும் கேட்கிறது. வடக்கே நேபாளம் வழியாகத் திபெத்துக்குப் போகும் ரசுவாகடிப் பாலத்தை 2025 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

தமிழர்களுக்கு வேறொரு வேடிக்கை. மிக அருகில் இருக்கும் வெளிநாடு இலங்கை. சாலையின் இடது பக்கம் ஓட்டும் நாடு, தமிழில் வழி கேட்கலாம், கார்னேயும் செல்லும். ஆனால் காரோடு போக வழியில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பல் ஆட்களை மட்டும்தான் ஏற்றுகிறது.

அதனால் கொச்சிக்காரர்களுக்குக் கடல்வழியே கைகொடுக்கிறது. மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றால் எதிரே வெலிங்டன் தீவு. ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணில் எழுந்த தீவு. சுங்க அலுவலகம் அங்கேதான். கன்டெய்னர்கள் ஏறுவது 2011-ல் திறந்த வல்லார்பாடத்தில். இருபதடிக் கன்டெய்னரில் ஒரு கார் அடங்கும். பெட்ரோல் டாங்கியில் கொஞ்சமே மிச்சம் வைத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, நான்கு சக்கரங்களையும் வார்ப்பட்டையால் இறுக்கிக் கட்டுகிறார்கள். சீல் வைக்குமுன் சேசிஸ் எண்ணைச் சரிபார்த்துக் கார்னேயில் நம் நாட்டு முத்திரை விழுந்ததா என்று பார்க்காமல் படகேறக்கூடாது.

டிக்கியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ஸ்டவ், அரிசி, மசாலா டப்பாவோடு கிளம்புவது நம் வழக்கம். டப்பாவில் கசகசா இருந்தால் ஐக்கிய அரபு நாடுகளில் அது போதைப்பொருள் வழக்கு. வலி மாத்திரைகளில் டிரமடால், இருமல் மருந்தில் கோடீன் இருந்தாலும் இதே கதி. ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றுகிறவர்கள் டயர் இடுக்கின் மண்வரை கழுவவேண்டும். அங்கே விதை, மண், பூச்சி என்றால் அலறுவார்கள். மட்டாஞ்சேரியில் நின்ற கார் என்றால் இருக்கைக்கடியில் உருண்ட மிளகைக்கூடத் தேடி எடுத்துவிடுவது உத்தமம்.

ஓட்டுவது? வலது பக்கப் போக்குவரத்தில் வலது ஸ்டியரிங்கோடு போனால் முன்னே போகும் லாரியைத் தாண்ட எதிரே வருவது தெரியாது. பக்கத்து இருக்கைக்காரர்தான் கண். சுங்கச் சாவடியில் கட்டணம் வாங்குபவரும் அவர் பக்கத்திலேயே இருப்பார். நம் ஹெட்லைட்டின் சாய்வு எதிரே வருபவர் கண்ணில் அடிக்குமென்பதால் கண்ணாடியில் மறைப்புப் பட்டை ஒட்டவேண்டும். தனியாகப் போகிறவர்கள் லாரியின் பின்னால் பொறுமையாகவே போகலாம்.

கார் திரும்பி வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. சேசிஸ் எண், எஞ்சின் எண், இருக்கை உறை மறுபடியும் சரிபார்க்கப்படும். கடைசி முத்திரை விழுந்த பிறகு புத்தகம் மும்பைக்குத் திரும்பவேண்டும். அங்கே பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு மேல்துண்டிலும் இரண்டு முத்திரை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வங்கிக்குக் கடிதம் போகும்.