உடுப்பில்லாமல் நின்ற ஆட்டம்

புரட்டாதி பிறந்தால் பிள்ளைகளின் நடன வகுப்புகளுக்கு ஓய்வில்லை. நவராத்திரியின் 9 இரவுகளும் கோவில், பாடசாலை, அலுவலகம் என மேடைகள். 10ஆம் நாள் விஜயதசமியன்று புதிய பிள்ளைகள் தட்டடவு தொடங்குவர்.

இந்த மகிழ்ச்சியின் பின்னால் ஒரு வேதனையும் உண்டு. நான் பணிபுரியும் கிராமத்தில் ஒரு தாய் சொன்னார்: "உடுப்புக்கும் நகைக்கும் வாடகை கொடுக்க வழியில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு ரீச்சருக்குப் பொய் சொன்னன்." அன்றிரவு மகள் அறைக்குள் தனியே ஆடினாளாம்.

அரைமண்டியில் நின்று மாதக்கணக்காய்ப் பயின்ற கால்களைத் தடுப்பது வறுமை மட்டுமல்ல, எமது ஆடம்பரமும்தான். பெற்றோர் கூடிப் பழைய சேலைகளில், அளவு கூட்டிக் குறைக்க மடிப்பு விட்டு உடுப்புத் தைத்து வகுப்பிலேயே வைத்தால், ஆண்டுதோறும் பயன்படும். கலைமகள் விழாவன்று எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்து ஏங்கக்கூடாதல்லவா?