சுலு என்று ஒரு பெயர்

எண்பதுகளில் ஞாயிறு காலை தூர்தர்ஷன் காட்டிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் எனக்குப் பிடித்தவர், கப்பலோட்டும் சுலு. “எந்த ஊர்ப் பெயர் அப்பா?” என்றாள், தன் பெயரைப் பள்ளியில் குதறுகிறார்களே என்ற கோபத்திலிருந்த என் மகள்.

எந்த ஊருமல்ல. ஆசியா முழுவதற்கும் பொதுவாக இருக்கட்டுமென்று, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி பிலிப்பைன்ஸ் அருகிலுள்ள சுலு கடலின் பெயரைச் சூட்டினார். நடித்த ஜார்ஜ் டகே அமெரிக்காவில் பிறந்தவர். 1942இல், ஐந்து வயதில், ஜப்பானிய வம்சம் என்ற ஒரே காரணத்துக்காக அவரையும் குடும்பத்தையும் அமெரிக்க அரசு முதலில் குதிரை லாயத்திலும், பின்பு முள்வேலி முகாமிலும் அடைத்தது. 1966இல் அதே நாட்டுத் தொலைக்காட்சியில் விண்கப்பலின் சுக்கான் அவர் கையில்!

சுலுவின் முதற்பெயர் ஹிகாரு. 1981இல் வோண்டா மக்இன்டயர் தம் நாவலில் வைத்தார். திரையில் அது ஒலிக்க 1991 ஆயிற்று.