உங்களுக்குத் தெரியுமா? 25 தவணையில் தொலையும் வெயில்

உச்சி வெயிலில் மொட்டைமாடி சோலார் பேனலைத் தொட்டால் கை சுடுகிறதே, அந்தச் சூட்டில் ஒரு பெரிய பங்கு மின்சாரமாகியிருக்கக்கூடியது! நீல ஒளியின் ஒரு ஃபோட்டான் சுமார் 2.75 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வந்து விழுகிறது. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க 1.12 போதும். மிச்சம் 1.6? படிக அணுக்கள் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வுக்குத் தடவைக்குச் சுமார் 0.06 வீதம், 25 தவணைக்குக் குறையாமல் எலக்ட்ரான் கொட்டிக் கொடுத்துவிட்டு அடங்கிவிடுகிறது. இவ்வளவுக்கும் ஆகும் நேரம், ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் ஏறக்குறைய ஒரு பங்குதான்.

சாதாரண சோலார் செல்லின் திறன் சுமார் 33 சதவீதத்தைத் தாண்டாது என்ற கணக்குக்கு இந்த இழப்பு ஒரு முக்கியக் காரணம். இயற்பியலாளர்கள் ஷாக்லியும் குவைசரும் 1961-இல் போட்ட கணக்கின் வழி வந்த வரம்பு இது. எலக்ட்ரான் சூடு ஆறுவதற்குள் அதை வெளியே இழுத்துவிட முடிந்தால்? 66 சதவீதம் வரை போகலாம் என்று ஆய்வாளர்கள் ராஸும் நோசிக்கும் 1982-இல் காட்டினார்கள். ஏட்டுக் கணக்குதான். ஆனாலும் அதிர்வை ஏமாற்றும் படிகங்களைத் தேடுவது இன்றைய இயற்பியலின் மிக அழகான வேலைகளில் ஒன்று என்பேன்.

அதிர்வு தடவைக்கு 0.06 வீதம் வாங்கிக்கொள்ளும் இந்தச் சில்லறைப் பொட்டலத்துக்குப் பெயர் ஃபோனான். ஒலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

சிலிக்கான் அணுக்கள் வினாடிக்குச் சுமார் 15 லட்சம் கோடி தடவை அதிர்கின்றன. இதை ஆய்வகங்கள் சுலபமாக அளப்பது, திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-இல் கொல்கத்தாவில் கண்டறிந்த, சிதறும் ஒளியின் நிறம் அதிர்வால் மாறும் ராமன் விளைவைக் கொண்டுதான்.

எல்.இ.டி. பல்பைச் சிலிக்கானில் செய்வதில்லை. சிலிக்கானில் எலக்ட்ரான் ஒளியை உமிழ வேண்டுமானால் ஒரு ஃபோனானும் கைகொடுக்க வேண்டும். அந்தச் சேர்க்கை அபூர்வம்.

அதிர்வு எப்போதும் திருடன் அல்ல. 1960-இல் இயற்பியலாளர் மெய்மன் உருவாக்கிய முதல் லேசரில் இருந்தது ஒரு மாணிக்கக் கல். அதிலுள்ள குரோமியம், பச்சை ஒளியையும் நீல ஒளியையும் விழுங்கி மேலே தாவும். உபரி ஆற்றலைக் கல்லின் அதிர்வு உடனே வாங்கிக்கொள்ளும். அப்போதுதான் எலக்ட்ரான்கள் கீழ்ப்படி ஒன்றில் இறங்கி, சுமார் 3 மில்லி வினாடி அங்கேயே தங்கிக் கூட்டம் சேரும். பிறகு அவை மொத்தமாகக் கீழே பாயும்போது கல்லின் ஒரு முனையிலிருந்து 694 நானோமீட்டர் சிவப்புக் கதிர் பாய்ந்து வரும்.