நிற்க முடியாதவர்களுக்கும் திருவிழா உண்டு

ஆர்.கே.புரம் செக்டர் 7-இல் இருக்கும் உத்தர சுவாமிமலையை தில்லியில் அந்தப் பெயர் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. ஆட்டோக்காரரிடம் ‘மலை மந்திர்’ என்றால் போதும். 1973-இல் குடமுழுக்கு கண்ட குன்றுக் கோயில். தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடிக் கிருத்திகை, கந்த சஷ்டி என்று வருடம் முழுக்கக் கூட்டம். செக்டர் 5-இல் தமிழ்ச் சங்கம். தசரா வந்தால் மைதானங்களில் ராம்லீலா. இந்த வட்டாரத் தமிழர்களுக்கு வருடத்தில் எத்தனையோ நாள் கூட்டத்தில் நின்றே கழிகிறது.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் இவை எதற்கும் வருவதில்லை. வயது முப்பத்தாறு. சில வருடம் முன் காய்ச்சல் வந்து போனது. அசதி மட்டும் போகவே இல்லை. கடைசியாக ஒரு விழாவுக்கு மடக்கு ஸ்டூலோடு போனார். வாசலில் நின்ற தொண்டர், “பாட்டிங்களே நிக்கறாங்க, உங்களுக்கு என்னம்மா?” என்று கேட்டிருக்கிறார். கூச்சத்தில் ஸ்டூலை வாசலிலேயே வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்துப் படுத்தார். எழுந்து அடுப்பங்கரை வரை நடக்கப் பதினோரு நாள் ஆனது.

அவரைப் பிடித்திருக்கும் நோயின் கொடுமையே அந்த இரண்டு நாள் இடைவெளிதான். நாட்பட்ட அசதி நோய் (மருத்துவர்கள் எம்.இ. / சி.எஃப்.எஸ். என்பார்கள்) உள்ளவர்களுக்கு, சக்திக்கு மீறிச் செய்த வேலையின் விளைவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே இறங்கும். விழாவில் பார்த்தவர்களுக்கு நோயாளியின் சிரித்த முகம்தான் தெரியும். விழுந்து கிடப்பதை வீட்டுச் சுவர்தான் பார்க்கும். அதிலும் இவர்களில் பலருக்கு நடப்பதைவிட நிற்பது மோசம். நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது, நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதை நரம்பியல் நோய்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. ‘எழுந்து நாலு நடை நடந்தால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை இங்கே எடுபடாது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2021-இல் கைவிட்டுவிட்டது.

ஆனால் எல்லா அசதியும் இதுவல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சுத்திணறல் என்று குணப்படுத்தக்கூடிய அல்லது கட்டுப்படுத்தக்கூடிய காரணங்கள் நிறைய. முதலில் அவற்றைப் பரிசோதித்துவிடுங்கள்.

இனி சட்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தலசீமியா உண்டு. நாட்பட்ட அசதி நோய் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. பலர் இந்த இடத்திலேயே நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். இழக்க வேண்டியதில்லை. நீண்டகால உடற்குறை ஒன்று, வெளியில் உள்ள தடைகளோடு சேர்ந்து, ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி என்கிறது சட்டத்தின் பொது விளக்கம். விகாஷ் குமார் என்ற தேர்வர் எழுதும்போது கை முறுக்கிக்கொள்ளும் நோயால் அவதிப்பட்டார். நாற்பது சதவீதக் குறைபாடு என்ற வரம்புக்குள் வரவில்லை என்று அவருக்கு உதவி எழுத்தர் மறுக்கப்பட்டபோது, 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நியாயமான வசதி செய்து தருவதற்கு நாற்பது சதவீதச் சான்றிதழை நிபந்தனையாக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு தேர்வுக்கூடம் பற்றியது. ஆனால் அதன் வாதம் விழாப்பந்தலுக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

இன்னும் இரண்டு விஷயம். ‘பொதுக் கட்டடம்’ என்று சட்டம் சொல்வதில் தனியார் கட்டடமும் அடக்கம்; சமய, கலாச்சார, பொழுதுபோக்குக் காரியங்களுக்கான இடங்களும் அடக்கம். செய்து தரும் வசதிக்கான செலவை மாற்றுத்திறனாளி தலையில் கட்டக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஏற்பாட்டாளர் தாங்க முடியாத சுமை என்றால் மறுக்கலாம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எந்தக் கமிட்டிக்கும் தாங்க முடியாத சுமை ஆகாது.

உட்காருவதை உரிமை என்றால் சிரிப்பவர்கள் உண்டு. துணிக்கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தும்வரை அதையும் சிரிப்பாகத்தான் பார்த்தோம். உட்கார இடமும் நிழலும் இல்லாத கூட்டம் என்ன செய்யும் என்பதை 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சி காட்டியது. வெயிலில் சுருண்டு ஐந்து பேர் இறந்தார்கள்.

செய்ய வேண்டியது என்ன? விழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஏற்பாட்டாளருக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். ‘நீண்ட நேரம் நிற்க முடியாத நோய் எனக்கு. மடக்கு ஸ்டூல் கொண்டுவர அனுமதி தேவை, ஓரமாக இடம் தேவை’ என்று இரண்டு வரி. நோயின் பெயரைச் சொல்லாமல், நிற்கக்கூடாது என்று மட்டும் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கைப்பையில் வையுங்கள். வாசலில் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அதுவே பாதி சக்தியைத் தின்றுவிடும். யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தில்லியின் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம்; அலுவலகம் மாதா சுந்தரி சாலையில். வக்கீல் தேவையில்லை. டிக்கெட் வாங்கிய நிகழ்ச்சி என்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

ஸ்டூல் வாங்கும்போது விலையைப் பார்க்கும் முன் உயரத்தைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்குக் குறைந்ததில் உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் பாடு. முக்காலி எடை குறைவு. ஆனால் புல்தரையிலும் மணலிலும் சாயும். ஊன்றுகோலே இருக்கையாக விரியும் வகை பார்க்க அழகு, ஆனால் தலைசுற்றல் உள்ளவருக்கு ஆகாது. எவ்வளவு எடை தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதைப் படியுங்கள். கூட்டத்தின் நடுவிலும் வெளியேறும் வழியிலும் விரிக்காதீர்கள். நெரிசல் வந்தால் உங்களுக்கும் ஆபத்து, தடுக்கி விழுபவருக்கும் ஆபத்து. பாதுகாப்புக் கெடுபிடி உள்ள நிகழ்ச்சிகளில் உலோகக் கால் வைத்த எதையும் நிறுத்தக்கூடும். அங்கே நாற்காலியை அவர்களிடமே கேட்பது உத்தமம்.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அழைப்பிதழில் அன்னதானம் எத்தனை மணிக்கு என்று அச்சடிக்கும் இடத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேருங்கள்: ‘நிற்க இயலாதவர்களுக்கு இருக்கை உண்டு, முன்கூட்டித் தெரிவிக்கவும்.’ பக்கத்தில் ஒரு செல்பேசி எண்ணையும் போடுங்கள்.