நடு ராத்திரியில் "டொக்... டொக்..." சத்தம்! திருடன் என்று போலீசைக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தவர் கையில் உளி!

ராத்திரி மணி 11.30. சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து. தெரு அடங்கிவிட்டது. நாய்கூட குரைக்கவில்லை.

ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்து மட்டும் "டொக்... டொக்..." என்று சத்தம். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி கேட்கும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வயிற்றைக் கலக்கியது. "எவனோ பெரியவர் வீட்டுப் பூட்டை உடைக்கிறான்" என்று 100-க்கு போன் போட்டுவிட்டார்.

ரோந்து போலீசார் இருவர் வந்து இறங்கினார்கள். டார்ச் லைட்டை அடித்தபடி பின்பக்கக் கதவைத் தட்டினார்கள்.

கதவைத் திறந்தவருக்கு வயது 70. மடித்துக் கட்டிய வேட்டி. மூக்குக் கண்ணாடி, மீசை எல்லாம் மரத்தூள். ஒரு கையில் உளி. மறு கையில் கொட்டாப்புளி!

"என்ன பெரியவரே இது, இந்த நேரத்தில?" என்று அதட்டினார் ஒரு போலீஸ்காரர்.

"மெதுவா பேசுங்க சார். உள்ளே அவ தூங்கறா" என்றார் பெரியவர்.

இவ்வளவு நேரம் தட்டியவர் சொன்ன பதிலைக் கேட்டு போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இது நடந்தது 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம்.

"பேரைப் போடாதீங்க தம்பி"

அந்தப் பெரியவரைத் தேடிப் போய்ப் பார்த்தோம். தனியார் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தச்சு வேலை அவருக்குப் பிழைப்பு அல்ல, பொழுதுபோக்கு.

"விஷயத்தை எழுதுங்க, பேரைப் போடாதீங்க தம்பி. போட்டா நாளைக்கு தெருவே உடைஞ்ச நாற்காலியைத் தூக்கிட்டு வந்து நிக்கும்" என்றார்.

அவர் மனைவிக்கு 2023-ல் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் சரியாக வரவில்லை. பகல் முழுக்க மாத்திரை, கஞ்சி, துணி மாற்றுவது எல்லாம் பெரியவர்தான். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார்.

அந்த வாரத்தில் மட்டும் அந்த அம்மாள் தூக்கத்தில் புரண்டு இரண்டு தடவை கட்டிலில் இருந்து கீழே விழுந்துவிட்டார். இரண்டாவது தடவை நெற்றியில் அடி.

"அன்னிக்கு காலையிலதான் விழுந்தா. ராத்திரிக்குள்ள கட்டிலுக்கு ஒரு தடுப்பு போட்டுடணும்னு உட்கார்ந்தேன். அவ தூங்கினாத்தானே எனக்கு நேரம்? அந்தச் சத்தம் அவளுக்குப் பழகிப்போச்சு. பக்கத்து வீட்டுக்குப் பழகலே" என்றார்.

10 அடிக்கு 6 அடி

பின்கட்டில் துணி துவைக்கும் கல் இருந்த இடம்தான் பட்டறை. நீளம் 10 அடி, அகலம் 6 அடி. மேலே தகரக் கூரை.

பழைய தேக்குக் கதவு ஒன்றைக் கால் கட்டி நிறுத்தியிருக்கிறார். அதுதான் வேலை மேஜை. "கையைத் தொங்கவிட்டு நின்னா மேஜை மணிக்கட்டுக்கு வரணும். அதுக்குமேல உயர்ந்தா தோள் வலிக்கும். தாழ்ந்தா இடுப்பு போயிடும்" என்று விளக்கினார்.

சுவரில் கருவிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ரம்பம் 2, உளி 4, இழைப்புளி, மூலைமட்டம், அரம், திருப்புளி, சுத்தியல், கொட்டாப்புளி, துளை போடும் டிரில் மிஷின். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே வடிவத்தில் சுவரில் பெயிண்டால் கோடு. எது இடத்தில் இல்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இழைப்புளி 1978-ல் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. அந்த மார்க்கெட் 1985-ல் தீப்பிடித்து அழிந்தது. இழைப்புளி மட்டும் இன்னும் இவர் கையில் ஓடுகிறது. இப்போது பழைய சாமான் வேண்டுமென்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிறார்.

"புதுசா ஆரம்பிக்கறவங்க முதல்லயே மிஷின் வாங்கிடறாங்க. நான் சொல்றது, முதல்ல சாணைக்கல் வாங்கு. மழுங்கின உளியை பலம் போட்டுத் தள்ளுவோம். அது வழுக்கிக்கிட்டு கையிலதான் இறங்கும். கூரான உளி சொன்ன இடத்தில நிக்கும்" என்கிறார்.

கணக்குப் பிள்ளையின் கணக்கு

மேஜை டிராயரில் ஒரு கோடு போட்ட நோட்டு. உள்ளே பிளான்கள். ஸ்டூல், அலமாரி, பேரனுக்குச் செய்த நடைவண்டி. எல்லாவற்றுக்கும் அளவு, மரக்கணக்கு, என்ன தப்பு செய்தார் என்பது உட்பட எழுதி வைத்திருக்கிறார்.

கட்டில் தடுப்புக்கு போட்ட கணக்கைக் காட்டினார். மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். நீளம் 42 அங்குலம். கால்மாட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். அந்த வழியாக இறங்கலாம். நடுவில் 2 அங்குல அகலத்தில் 8 குத்துக்கட்டைகள்.

"எட்டு கட்டைக்கு 16 அங்குலம். 42-ல 16 போனா 26. நடுவில 7 இடைவெளி. 26-ஐ 7-ஆல வகுத்தா 3¾ அங்குலத்துக்கு கொஞ்சம் குறைச்சல். நாலு அங்குலத்துக்கு மேல விடக்கூடாது தம்பி. விட்டா தலை மாட்டிக்கும். விழுந்தா அடிதான் படும், தலை மாட்டினா உயிரே போயிடும்" என்றார்.

அடுத்த பக்கத்தில் மரக்கணக்கு. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் எடுத்து, நீளத்தை அடியில் எடுத்துப் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். கட்டில் தடுப்புக்கு வந்தது 144-ல் 45 பங்கு. அதாவது, மூன்றில் ஒரு பங்கு கன அடிகூட இல்லை.

"மரக்கடையில நிக்கும்போது இந்தக் கணக்கு தெரிஞ்சா யாரும் ஏமாத்த முடியாது" என்று கண்ணடித்தார்.

மரம் காசு கொடுத்து வாங்கியது அல்ல. பக்கத்துத் தெருவில் பிளாட் கட்டுவதற்காக ஒரு பழைய வீட்டை இடித்தபோது கேட்டு வாங்கிய தேக்கு ஜன்னல் சட்டம். பழைய மரம் நன்றாகக் காய்ந்திருக்கும், பெரும்பாலும் முறுக்கிக்கொள்ளாது. ஆனால் உள்ளே ஆணி மறைந்திருக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் ரம்பம் வைப்பதில்லை.

2 அங்குலத்தால் வந்த வினை

இத்தனை கணக்கு போட்டவர் அன்றைக்கு எங்கே சறுக்கினார்?

இரண்டு சட்டத்துக்கும் நடுவே இடைவெளி 16 அங்குலம். ஆனால் குத்துக்கட்டையின் இரு முனையும் சட்டத்துக்குள்ளே நுழைய வேண்டும். அப்படி நுழையும் நாக்குக்கு கழுந்து என்று பெயர். மேலே 1 அங்குலம், கீழே 1 அங்குலம். ஆக, வெட்ட வேண்டியது 18 அங்குலம்.

பெரியவர் அவசரத்தில் 16 அங்குலத்துக்கே வெட்டிவிட்டார். ஒன்று அல்ல, எட்டு கட்டையும்!

"நோட்டில 18-னு நான்தான் எழுதியிருக்கேன். பார்க்கலே. மனசு முழுக்க அவ நெத்தியிலதான் இருந்தது" என்றார்.

மறுபடி மரம் அறுத்து, இழைத்து முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. பிறகுதான் சட்டங்களில் 16 துளை போட உட்கார்ந்தார். உளியை வைத்து, கொட்டாப்புளியால் அடித்து, ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டும். அந்த 16 துளையின் "டொக் டொக்"தான் போலீஸ் வரைக்கும் போனது!

விரல் நுனி போன கதை

அவசரம் இவருக்குப் புதிது அல்ல. இடது கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் நுனி இல்லை.

2016-ல் நடந்தது. இரும்பு தேய்க்கும் 4 அங்குல கிரைண்டரில், மரம் அறுக்கும் பல் வைத்த சக்கரத்தை மாட்டி, மேல் மூடியையும் கழற்றிவிட்டு அறுத்திருக்கிறார். இந்த வகை மிஷின் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றக்கூடியது. பல் மரத்தில் கடித்ததும் மிஷின் துள்ளிவிட்டது.

"ஒரு ஸ்டூல் காலை அஞ்சு நிமிஷம் சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில ரெண்டு வாரம் போச்சு. அந்தச் சக்கரத்தை அன்னிக்கே உடைச்சுப் போட்டேன்" என்றார்.

வீட்டில் மிஷின் வைத்து வேலை செய்பவர்களுக்கு அவர் சொல்லும் எச்சரிக்கை:-

மிஷினில் மூடியைக் கழற்றாதே. பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கு. எர்த் இல்லாத பிளக்கில் செருகாதே. வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஷாக் தடுப்பு சுவிட்ச் இருக்கட்டும்.

மரத்தூளை லேசாக எண்ணாதே. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே அறிவித்துவிட்டது. முகத்தில் மாஸ்க் வேண்டும்.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு.

போலீஸ் என்ன செய்தது?

சட்டப்படி பார்த்தால் தப்பு பெரியவர் மேல்தான். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரக் கணக்கு. குடியிருப்புப் பகுதியில் அப்போது சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். பகலில் 55.

போலீசார் கேஸ் எதுவும் போடவில்லை. "ராத்திரி 10-க்கு மேல தட்டாதீங்க பெரியவரே" என்று சொன்னார்கள். அன்றைக்கு ஒரு ராத்திரிக்கு என்ன செய்வது என்று பெரியவர் கையைப் பிசைந்தார். ஒரு போலீஸ்காரரே உள்ளே போய் இரண்டு நாற்காலியைக் கட்டிலோரம் அணை கொடுத்து, கயிற்றால் கட்டிவிட்டுப் போனார்.

மதில் ஓரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் காலையில் வந்தார்.

"திருடன்னு நினைச்சுத்தான் சார் போன் போட்டேன். ஆனா பொய் சொல்லக்கூடாது. பொண்ணுக்கு பத்தாவது அரையாண்டு பரீட்சை. அந்தச் சத்தத்தில ஒரு வாரமா அவளால படிக்க முடியலே. கோபமும் இருந்தது" என்று சொல்லிவிட்டார்.

பெரியவர் கோபப்படவில்லை. "ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். "நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் அவர்.

இரண்டும் நியாயம்தான்!

3 முதல் 5 வரை

இப்போது ஒரு ஏற்பாடு. பக்கத்து வீட்டுக்காரரின் அம்மா தினமும் பகல் 3 மணிக்கு வந்துவிடுகிறார். பெரியவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருமாக டி.வி. பார்க்கிறார்கள். 5 மணி வரை பெரியவருக்கு விடுதலை. பட்டறைக்குப் போகிறார்.

மேஜைக் கால்களுக்கு அடியில் பழைய டயர் ரப்பரை வெட்டி வைத்திருக்கிறார். சத்தம் தரை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போவது குறைந்திருக்கிறது.

கட்டில் தடுப்பு முடிந்துவிட்டது. கீல் போட்டிருக்கிறார், வேண்டும்போது கீழே மடிக்கலாம். மூலை எல்லாம் உப்புத்தாளால் உருட்டித் தேய்த்திருக்கிறார். அந்த அம்மாள் இடது கையால் மேல் சட்டத்தைப் பிடித்துத் தானே எழுந்து உட்காருகிறார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை.

நாம் போனபோது மணி 3.20. மேஜை மேல் ஒரு புது வேலை. படிப்பு மேஜை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காம்.

வீணாய்ப்போன அந்த எட்டு 16 அங்குலக் கட்டைகள்? அவற்றை அவர் எறியவில்லை. நான்கைக் காட்டினார். படிப்பு மேஜையில் கால் வைக்கும் சட்டத்தில் அழகாக உட்கார்ந்திருந்தன.

"இந்தத் தடவை கழுந்துக்கும் சேர்த்து அளந்துட்டேன் தம்பி" என்று சிரித்தார்.